வால்டாக்ஸ்: சுவர் வரி இல்லை, மதில்வரி

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வடசென்னையைச் சுற்றிக்காட்டும் நடைப்பயணம் ஒன்றில் நானும் சேர்ந்துகொண்டேன். சென்ட்ரல் பக்கமிருந்து வால்டாக்ஸ் ரோட்டுக்குள் நுழைந்ததும், எங்களைக் கூட்டிவந்த தம்பி ஓரமாக நின்று, "இதுதான் சுவர் வரிச் சாலை" என்றார். கூட வந்த ஒரு வயதான அம்மா உடனே கேட்டார்: "சுவத்துக்குக்கூடவா வரி போட்டான் வெள்ளைக்காரன்? ஒரு வீட்டுக்கு நாலு சுவர் இருக்குமே, எவ்ளோ கட்டுனாங்க தம்பி?"

அந்த அம்மா கேட்டதில் தப்பே இல்லை. "சுவர் வரி" என்று சொன்னால் தமிழ் தெரிந்த யாருக்கும் அப்படித்தான் புரியும். வால்டாக்ஸ் என்பது ஆங்கில "Wall Tax"; தப்பு அதன் மொழிபெயர்ப்பில் இருக்கிறது. இதை நான் கேட்பது முதல் முறையும் இல்லை. கட்டுரைகளில், காணொளிகளில், கைப்பேசி மொழிபெயர்ப்பில் என்று எங்கே பார்த்தாலும் இதே "சுவர் வரி"தான். அதனால் எழுதியே விடுகிறேன்.

வரலாறு சுருக்கமாக இவ்வளவுதான். 1758 டிசம்பரிலிருந்து 1759 பிப்ரவரி வரை லாலி என்ற தளபதியின் தலைமையில் பிரெஞ்சுப் படை செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டது. கோட்டைக்குள் இருந்த வெள்ளையர் தப்பித்தார்கள். வெளியே கறுப்பர் நகரத்தில் குடியிருந்த நம்மவர்கள்தான் சூறையாடப்பட்டார்கள். 1767இல் மைசூர்க் குதிரைப்படை சென்னையின் விளிம்புவரை வந்து போனது. அதற்கப்புறம்தான் கும்பினிக்கு, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு, உறைத்தது. கிழக்கே கடல், தெற்கே கோட்டை. திறந்து கிடந்த வடக்கையும் மேற்கையும் அடைத்துக் கட்டினால் ஊர் பிழைக்கும் என்று முடிவெடுத்து, 1770ஐ ஒட்டிய ஆண்டுகளில் கறுப்பர் நகரத்தின் பகுதிகளான முத்தியால்பேட்டையையும் பெத்தநாயக்கன்பேட்டையையும் வளைத்துக் கட்டினார்கள். ஒப்பந்தம் எடுத்தவர் பால் பென்ஃபீல்டு. கட்டிய செலவை உள்ளே குடியிருப்பவர்களிடமே வரியாக வாங்க நினைத்தார்கள். அந்த வரி வசூலாகவே இல்லை. மேற்குப் பக்கத்துச் சாலைக்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

ஆக, வரி போட நினைத்தது வீட்டுச் சுவருக்கு இல்லை, ஊரைக் காக்க எழுப்பிய கட்டுமானத்துக்கு. அதற்குத் தமிழில் தனிச்சொல் இருக்கிறது: மதில். புரிசை, எயில், இஞ்சி என்று இன்னும் சில உண்டு. அவை இன்று வழக்கில் இல்லாததால் அவற்றை நான் கேட்கவில்லை. மதில் அப்படியா? சங்க காலத்தில் மதிலை வளைக்கப் போனவன் உழிஞைப் பூச்சூடினான், மதிலைக் காத்தவன் நொச்சி சூடினான். இன்றைக்குத் திருவொற்றியூரில் யாரைக் கேட்டாலும் "கோயில் மதிலை ஒட்டிப் போங்க" என்றுதான் வழி சொல்வார்கள். இரண்டாயிரம் வருடம் தேயாமல் வந்த சொல்.

பழமொழியைப் பாருங்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். பூனை நிற்பதோ மதில்மேல். எந்தப் பக்கம் குதிக்குமோ என்று சொல்ல வேண்டுமானால் உள், வெளி என்று இரண்டு பக்கம் வேண்டும். சுவர் கூரையைத் தாங்கும், அறையைப் பிரிக்கும். மதில்தான் உள்ளே இருப்பவரை வெளியே இருப்பவரிடமிருந்து பிரிக்கும். இந்த வேறுபாட்டைப் படிப்பறிவில்லாத பாட்டியும் அறிவாள். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் என்பதற்காகத் தமிழையும் ஒரே சொல்லாகக் குறுக்க வேண்டுமா?

அந்தத் தம்பியிடம் பிறகு தனியாகப் பேசினேன். "மதில் சுவர்னும் சொல்றோமே சார், அப்ப சுவர்னு சொன்னா என்ன?" என்றார். நல்ல கேள்வி. சுவர் என்று மட்டும் சொன்னால் பொருள் வராததால்தானே முன்னால் மதிலைச் சேர்க்கிறோம்? இரண்டில் ஒன்றை விடவேண்டும் என்றால் விடவேண்டியது சுவரைத்தான்.

இன்னொரு சான்று அந்தச் சாலைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: யானைகவுனி. கோட்டை வாசலுக்குத் தெலுங்கில் கவினி. அது நம் வாயில் கவுனி ஆயிற்று. கவுனி மதிலுக்குத்தான் இருக்கும், சுவருக்கு வாசற்படியும் ஜன்னலும்தான். இதை "யானை வாயில்" என்று திருத்தி எழுதுகிறவர்களும் உண்டு. அது வேண்டாத வேலை. நான் தனித்தமிழை மதிப்பவன்தான். ஆனால் இருநூறு வருடத்துக்கு மேல் ஊர் பேசி வளர்த்த சொல்லைத் தெலுங்கு என்று தள்ளிவிட்டு, நேற்று ஆங்கிலத்திலிருந்து பெயர்த்ததைத் தமிழ் என்று வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

அதே சாலையில் ஒற்றைவாடை நாடக அரங்கு இருந்தது. ஒற்றைவாடை என்றால் ஒரு பக்கம் மட்டும் வீட்டு வரிசை உள்ள தெரு. மதிலை ஒட்டிய சாலைக்கு இதைவிடப் பொருந்தும் சொல் கிடைக்குமா? இப்படிப்பட்ட சொற்கள் வடசென்னையில் இறைந்து கிடக்கும்போது மொழிபெயர்ப்பவர்கள் அகராதியின் முதல் வரியை எடுத்து ஒட்டிவிட்டுப் போகிறார்கள். மிண்ட் தெருவை "புதினா தெரு" என்று அச்சடித்த துண்டறிக்கையை நானே பார்த்திருக்கிறேன். தங்கசாலை என்ற அருமையான பெயர் அங்கே கடைப்பலகைகளிலேயே இருக்கிறது. அதையும் சிலர் தங்கத்தால் ஆன ரோடு என்று விளக்குகிறார்கள். பாடசாலை, தொழிற்சாலையில் வரும் சாலைதான் அது, நாணயம் அடித்த இடம். வண்ணாரப்பேட்டையைத் தமிழ் எழுத்திலேயே "வாஷர்மேன்பேட்" என்று எழுதுகிறவர்களை என்ன சொல்ல? கும்பினித் துணியை வெளுத்த மக்கள் தங்கள் பெயரால் வைத்துப்போன ஊர் அது.

சரி, வால்டாக்ஸ் ரோட்டை என்னவென்று அழைப்பது? அரசுப் பெயர் வ.உ.சி. சாலை. மூட்டை தூக்குகிறவரும் ஆட்டோக்காரரும் வால்டாக்ஸ் என்றுதான் சொல்வார்கள், சொல்லட்டும். அது பெயர், பெயரை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பொருள் சொல்லும்போதுதான் தமிழ் வேண்டும். அப்போது மதில்வரி என்று சொல்லுங்கள். "அரண் வரி", "கோட்டைச் சுவர் வரி" என்றும் எழுதிப் பார்க்கிறார்கள். அரண் என்றால் காடும் மலையும் அகழியும்கூட அரண்தான். கோட்டைச் சுவர் என்றாலோ செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் மதில் என்று ஆகிவிடும், இது அதுவன்று.

நடைப்பயணம் பழைய ஜெயில் ரோட்டில் முடிந்தது. மதிலில் எஞ்சிய துண்டு அங்கே இருக்கிறது. பின்னாளில் அதன் தலைமேலேயே பூங்கா அமைத்தார்கள், மாடிப்பூங்கா என்று பெயர். மேலே மரம் வைத்து மக்கள் உலவும் அளவுக்கு அகலம். அந்த அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டுத் தம்பியிடம் சொன்னார்: "மதில்னு சொல்லியிருக்கலாமேப்பா. நான் வீட்டுச் சுவத்தையில்ல நெனச்சுக்கிட்டு வந்தேன்."