வெயில் இலவசம், பேனல் அல்ல

பசுமைப் பொருளாதாரம் கட்டுப்படியாகுமா என்று மேடையில் கேட்டால் லட்சம் கோடிகளில் பதில் வரும். கோவையில் ஆடிட்டராக இருக்கும் என் மேசைக்கு அதே கேள்வி ஒரு கொட்டேஷனும் இபி கார்டுமாக வருகிறது.

கடைசியாகக் கொண்டுவந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். "சார், மாடியில சோலார் போட்டா பில் ஜீரோன்னு சொல்றாங்க. நம்பலாமா?"

கார்டைப் பார்த்தேன். இரண்டு ஏசி, இரண்டு மாதத்துக்கு 700 யூனிட், பில் 3,900 ரூபாயை ஒட்டி. 3 கிலோவாட்டுக்கு 1.9 லட்சம் கேட்டிருந்தார்கள். 2024-இல் வந்த மத்திய அரசுத் திட்டத்தின் மானியம் 78,000 போனால் 1.12 லட்சம். ஒரு கிலோவாட் நம் ஊர் வெயிலுக்கு நாளைக்கு 4 யூனிட் தரும். பில் ஜீரோ ஆகாவிட்டாலும், ஐந்தாறு வருடத்தில் போட்ட பணம் வந்துவிடும்.

"எங்க வீட்ல வேலை செய்யற அம்மாவும் கேட்டாங்க."

அந்த அம்மா வீட்டில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட். 2024 கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த நூறுக்கு 235 ரூபாய், வருடத்துக்கு 1,410. மானியம் போகக் கையிலிருந்து 40,000 போட்டால் திரும்பி வர 28 வருடம் ஆகும். பேனலுக்கு உத்தரவாதமே பொதுவாக 25 வருடம்தான்; நடுவில் இன்வெர்ட்டர் செலவு வேறு. வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். மானியம் ஏசி வீட்டுக்கே போய்ச் சேர்கிறதே என்ற உறுத்தல் எனக்கு உண்டு.

இபிக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கட்டுகிறோம். சோலாரிலோ 25 வருடக் கரண்டுக்கான பணத்தை முதல் நாளே வைக்க வேண்டும். மானியமும் பேனல் மாட்டி ஓடத் தொடங்கிய பிறகுதான் கணக்கில் ஏறும். ஆகவே லாபத்தைத் தீர்மானிப்பது வட்டி. அந்த 1.12 லட்சத்துக்கு 7 சதவீதம் என்றால் முதல் வருட வட்டி 7,840. அவசரத்துக்குத் தனியாரிடம் 14 சதவீதத்துக்கு வாங்கினால் 15,680. பில்லில் வருடத்துக்கு அதிகபட்சம் மிச்சமாகும் 23,000-இல் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

இன்னொன்றையும் விற்பவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை. பேட்டரி இல்லாமல் இபி லைனோடு இணைக்கும் ஆன்-கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை பார்க்கும் லைன்மேன் மீது கரண்ட் பாயக்கூடாது அல்லவா!

கடைசியாக ஆசிரியரிடம், தெற்குப் பக்கத்து வீட்டில் இன்னொரு மாடி எழுப்பப் போகிறார்களா என்று கேட்டேன். நிழல் விழுந்தால் என் கணக்கு மொத்தமும் தப்பு. அவருக்குத் தெரியவில்லை. விசாரித்துவிட்டு வருவதாகக் கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.