ஆகஸ்டில் ஆடிய ஆட்டத்தை மே மாதத்தில் யார் நினைக்கிறார்கள்?

இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதத்தில் முடியும். ஒரு கிளப்புக்கு 38 லீக் ஆட்டங்கள். கோப்பைப் போட்டிகளில் நெடுந்தூரம் போன அணி என்றால் மொத்தம் ஐம்பதைத் தாண்டிவிடும். சீசன் முடியப்போகிற வாரங்களில் கிளப் தன் ரசிகர்களிடம் ஒரு கேள்வி கேட்கும்: இந்த சீசனில் நம் அணியின் சிறந்த வீரர் யார்? ரசிகர் செல்போனை எடுத்து, பெயர்ப் பட்டியலை ஒரு ஓட்டம் பார்த்து, ஒரு பெயரைத் தொடுகிறார். பத்து நொடி வேலை. பத்து மாத ஆட்டம் அந்தப் பத்து நொடிக்குள் எப்படிச் சுருங்குகிறது என்பதை யோசிக்க யோசிக்க எனக்கு வியப்பு கூடிக்கொண்டேதான் போகிறது.

இந்த வழக்கம் புதிதல்ல. வெஸ்ட் ஹாம் கிளப்பின் 'ஹாமர் ஆஃப் தி இயர்' விருது 1957-58 சீசனில் தொடங்கியது. ட்ரெவர் புரூக்கிங் அதை ஐந்து முறை வாங்கியிருக்கிறார். செல்சி 1967-இல் ஆரம்பித்தது. மான்செஸ்டர் யுனைடெட்டில் இன்று அதன் பழைய மேலாளர் சர் மேட் பஸ்பியின் பெயரைத் தாங்கியிருக்கும் விருது 1987-88-இல் வந்தது. வீரர்கள் இந்த விருதைப் பெரிதாக மதிக்கிறார்கள். மழையிலும் குளிரிலும் கூடவே வந்த ஆட்கள் கொடுப்பது அல்லவா?

சரி, ஓட்டுப் போடும்போது ரசிகரின் தலைக்குள் என்ன நடக்கிறது? 1993-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் அவருடைய சகாக்களும் செய்த ஒரு சோதனையிலிருந்து தொடங்கலாம். ஒருவர் 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 நொடி கையை வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை, அதே நீரில் அதே 60 நொடி, அதன்பின் கையை எடுக்காமல் மேலும் 30 நொடி; அந்த 30 நொடியில் நீரின் வெப்பம் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். ஒரு டிகிரிதான், அப்போதும் அது குளிர்தான். 'மூன்றாவதாக ஒரு முறை செய்ய வேண்டும், எதைத் திரும்பச் செய்கிறீர்கள்?' என்று கேட்டபோது பெரும்பாலானோர் நீளமானதையே தேர்ந்தெடுத்தார்கள். கணக்குப் பார்த்தால் அதில்தான் வலி அதிகம். ஆனால் முடிவு கொஞ்சம் இதமாக இருந்தது. நினைவு ஒவ்வொரு நொடியையும் கூட்டிப் பார்ப்பதில்லை. உச்சமான ஒரு கணத்தையும் கடைசிக் கட்டத்தையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை ஏறக்குறைய கழற்றி விட்டுவிடுகிறது.

இதைக் கால்பந்துக்குக் கொண்டுவருவோம். முதல் வீரர் 38 ஆட்டத்திலும் பத்துக்கு ஏழு மதிப்பெண் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 266. இரண்டாமவர் முதல் 30 ஆட்டத்தில் ஆறு, கடைசி எட்டு ஆட்டத்தில் ஒன்பது. மொத்தம் 252. சீசன் முழுக்க அணிக்கு அதிகம் கொடுத்தவர் முதலாமவர்தான். ஆனால் மே மாதத்தில் எந்தப் பெயர் நாக்கு நுனியில் நிற்கும்? உச்சமும் இரண்டாமவருடையது, முடிவும் அவருடையது. ஆகஸ்ட் மாதத்து ஏழுகள் பாவம், எங்கோ கரைந்து போயிருக்கும்.

காலம் மட்டுமல்ல, எது எளிதாக நினைவுக்கு வருகிறது என்பதும் தீர்ப்பை இழுக்கும். எமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இன்னொரு உளவியலாளரும் கானமனும் 1973-இல் இதைப் பற்றி எழுதினார்கள். ஆங்கிலத்தில் 'கே' (K) என்ற எழுத்தில் தொடங்கும் சொற்கள் அதிகமா, மூன்றாவது எழுத்தாகக் 'கே' வரும் சொற்கள் அதிகமா? பெரும்பாலானோர் தொடங்கும் சொற்களே அதிகம் என்பார்கள். உண்மை நேர்மாறு. முதல் எழுத்தை வைத்துச் சொல்லைத் தேடுவது சுலபம், அதனால் அவை அதிகம் என்று தோன்றிவிடுகிறது.

கோல் என்பது அப்படி முதல் எழுத்து மாதிரி. அரங்கமே எழுந்து நிற்கும், இரவெல்லாம் காணொளியில் திரும்பத் திரும்ப ஓடும். ஒரு சென்டர்-பேக், அதாவது தன் கோலுக்கு முன்னால் நடுவில் நின்று தடுக்கிற வீரர், செய்கிற நல்ல காரியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியின் நடுக்கள வீரர், அதாவது மிட்ஃபீல்டர், பந்தோடு தலையை நிமிர்த்துகிறார், பெனால்டி பெட்டிக்குள் ஓடி கோல் அடிக்கத் தயாராக ஒரு ஸ்ட்ரைக்கர் இருக்கிறார். நம் ஆள் இடது பக்கம் இரண்டு அடி நகர்கிறார், அவ்வளவுதான். பாஸ் போகவேண்டிய வழி அடைபடுகிறது. மிட்ஃபீல்டர் யோசித்துவிட்டுப் பந்தைப் பின்னால் தட்டிவிடுகிறார். யாரும் கைதட்டவில்லை. சாதாரணப் புள்ளிவிவரத் தாளில் அந்த இரண்டு அடிக்குக் கட்டமே கிடையாது. டேக்கிள் இல்லை, இடைமறிப்பு இல்லை. நடக்காமல் போன ஒரு கோலை யார் நினைவில் வைத்துக்கொள்வது? தடுப்பாட்டக்காரர்களுக்கு ஓட்டில் இதுதான் பெரிய சிக்கல்.

கோல்கீப்பர் கதை வேறு. அவரும் கோலைத் தடுக்கிறவர்தான், ஆனால் தடுப்பது கண்ணுக்குத் தெரியும், கேமராவுக்கும் தெரியும். செல்சி ரசிகர்கள் 1967-இல் முதல் விருதையே கோல்கீப்பர் பீட்டர் போனெட்டிக்குத்தான் கொடுத்தார்கள். மான்செஸ்டர் யுனைடெட்டில் டேவிட் டி ஹியா 2014, 2015, 2016 என்று மூன்று ஆண்டு தொடர்ந்து வாங்கி, 2018-இல் நான்காவதும் வாங்கினார். நெடுங்கால மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வு பெற்றபின் அந்த அணி தடுமாறிய காலம் அது. 2013-14-இல் லீக்கில் ஏழாம் இடம். முன்னால் இருக்கிற சுவர் பலவீனமாக இருந்தால் கோல்கீப்பருக்கு வேலை அதிகம், வேலை அதிகமானால் அவரைப் பார்க்கிற தருணங்களும் அதிகம். டி ஹியாவின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. அதே திறமை, பந்தே வராத ஒரு அணியில் இருந்திருந்தால் இவ்வளவு ஓட்டு வாங்கியிருக்குமா என்றால் சந்தேகம்தான்.

'ஒரு ரசிகர் மறப்பார், லட்சம் பேர் ஓட்டுப் போட்டால் சரியாகிவிடுமே' என்று தோன்றலாம். இந்த நம்பிக்கைக்கு ஒரு நல்ல அடிப்படை உண்டு. 1907-இல் பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிஞர் ஒரு கண்காட்சிப் போட்டியின் சீட்டுகளை எடுத்து ஆராய்ந்தார். ஒரு மாட்டை வெட்டிச் சுத்தம் செய்தபின் எவ்வளவு எடை இருக்கும் என்று மக்கள் ஊகித்து எழுதியிருந்தார்கள். 787 சீட்டுகளை வரிசைப்படுத்தி நடுமதிப்பைப் பார்த்தால் 1207 பவுண்டு. உண்மையான எடை 1198. ஒரு சதவீதம்கூடப் பிசகவில்லை. ஒருவர் கூடுதலாகச் சொன்னார், இன்னொருவர் குறைத்துச் சொன்னார், பிழைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விட்டன.

ஆனால் பிழைகள் இரண்டு பக்கமும் சிதறியிருந்தால்தான் இது நடக்கும். மறதி அப்படிச் சிதறுவதில்லை. எல்லா ரசிகருக்கும் ஆகஸ்ட் தூரத்தில் இருக்கிறது, ஏப்ரல் பக்கத்தில் இருக்கிறது. எல்லாருடைய தராசும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால், ஆயிரம் தராசு வைத்தாலும் லட்சம் தராசு வைத்தாலும் அதே சாய்வுதான் கிடைக்கும். அதனால்தான் ஓட்டு எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, மாதாமாதம் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் உள்ள கிளப்புகள் நல்ல வேலை செய்கின்றன என்று நினைக்கிறேன். செப்டம்பரில் ஒரு பெயர் பதிவாகிவிட்டால், மே மாதத்தில் அதைத் தூசி தட்டி எடுக்கலாம்.

அடுத்தது எண்ணும் முறை. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நூறு ரசிகர்கள், மூன்று வீரர்கள் என்று வையுங்கள். 40 பேருக்கு ஸ்ட்ரைக்கர் முதலிடம், டிஃபெண்டர் (தடுப்பாட்டக்காரர்) இரண்டு, மிட்ஃபீல்டர் மூன்று. 35 பேருக்கு மிட்ஃபீல்டர், டிஃபெண்டர், ஸ்ட்ரைக்கர் என்ற வரிசை. மீதி 25 பேருக்கு டிஃபெண்டர், மிட்ஃபீல்டர், ஸ்ட்ரைக்கர்.

வழக்கம்போல ஆளுக்கு ஒரு ஓட்டு என்றால் 40 ஓட்டோடு ஸ்ட்ரைக்கர் ஜெயிக்கிறார். கடைசியில் வந்தவரை நீக்கிவிட்டு அவருடைய ஓட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றினால், டிஃபெண்டர் வெளியே போகிறார், அந்த 25 ஓட்டும் மிட்ஃபீல்டருக்குச் சேர்ந்து, அவர் 60-40 என்று ஜெயிக்கிறார். முதலிடத்துக்கு இரண்டு புள்ளி, இரண்டாமிடத்துக்கு ஒன்று என்று கொடுத்தால் டிஃபெண்டருக்கு 125, மிட்ஃபீல்டருக்கு 95, ஸ்ட்ரைக்கருக்கு 80. ரசிகர்கள் ஒருவர்கூட மனம் மாறவில்லை. எண்ணும் விதம் மாறியது, மூன்று விதத்துக்கு மூன்று வெற்றியாளர். இன்னொன்றையும் கவனியுங்கள்: ஸ்ட்ரைக்கரை மற்ற இருவரில் யாரோடு தனியாக மோதவிட்டாலும் அவர் 40-60 என்று தோற்கிறார். ஆனாலும் சாதாரண முறையில் கோப்பை அவர் கையில்தான்.

ஆளுக்கு ஒரு ஓட்டு முறையில் இப்படி நடக்கும் என்பதை ஜான்-சார்ல் த போர்டா என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி 1770-லேயே சுட்டிக்காட்டினார். மேலே பார்த்த புள்ளி முறை அவர் பெயரில்தான் வழங்குகிறது. சிறந்த கால்பந்து வீரருக்கான 'பலோன் தோர்' விருது 1956-இல் தொடங்கியபோதே அந்த வழியில்தான் போனது: ஒவ்வொரு பத்திரிகையாளரும் ஐந்து பெயரை வரிசைப்படுத்த, 5, 4, 3, 2, 1 என்று புள்ளி. அந்த முதல் ஆண்டில் ஸ்டான்லி மேத்யூஸ் 47 புள்ளியோடு ஜெயித்தார், ஆல்ஃபிரெடோ டி ஸ்டெஃபானோவுக்கு 44. ரசிகர் ஓட்டிலும் இரண்டாவது பெயருக்கு ஒரு கட்டம் சேர்த்தால், எல்லார் மனதிலும் இரண்டாமிடத்தில் இருக்கிற அந்த சென்டர்-பேக்குக்கு ஒரு வழி பிறக்கும்.

ஓட்டு நடக்கும்போதே யார் முன்னணி என்று சதவீதம் காட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2006-இல் மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 14,000-க்கும் மேற்பட்டோரை வைத்து ஒரு சோதனை வெளியிட்டார்கள். அறிமுகமில்லாத 48 பாடல்கள், பிடித்ததைத் தரவிறக்கலாம். மற்றவர்கள் எதை எடுத்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டிய குழுக்களில், பிரபலமானவை மேலும் பிரபலமாயின. குழுவுக்குக் குழு வேறு வேறு பாடல் மேலே வந்தது. கால்டனின் சீட்டுகளை எழுதியவர்கள் அடுத்தவர் சீட்டைப் பார்த்து எழுதியிருந்தால் அந்த 1207 கிடைத்திருக்காது.

அப்புறம் கள்ள ஓட்டு. கால்பந்தில் இல்லை, அமெரிக்க பேஸ்பாலில் 1957-இல் நடந்தது இன்றும் பாடம். பல அணிகளின் நட்சத்திர வீரர்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டத்தில் யார் ஆடவேண்டும் என்று ரசிகர்கள் ஓட்டுப் போட்டார்கள். சின்சினாட்டி நகரப் பத்திரிகை ஒன்று, உள்ளூர் வீரர்களின் பெயரை நிரப்பிய வாக்குச்சீட்டையே அச்சடித்துக் கொடுத்தது. பந்து வீசுகிற பிட்சர் தவிர்த்த எட்டு இடத்தில் ஏழு சின்சினாட்டி வீரர்களுக்குப் போனது. பேஸ்பால் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக் அவர்களில் இரண்டு பேரை நீக்கிவிட்டு, வேறு அணிகளின் வில்லி மேஸையும் ஹாங்க் ஏரனையும் சேர்த்தார். ரசிகர் ஓட்டு 1970 வரை திரும்பி வரவில்லை.

இவ்வளவு சாய்வுகளைச் சொன்னபிறகு ஒரு முடிவைச் சொல்லியாக வேண்டும். 2010-11 சீசனில் வெஸ்ட் ஹாம் கடைசி இடத்தில், இருபதாவதாக முடித்து லீக்கை விட்டு இறங்கியது. முடிவு என்று பார்த்தால் அதைவிடக் கசப்பு வேறில்லை. ரசிகர்கள் மிட்ஃபீல்டர் ஸ்காட் பார்க்கரைத் தேர்ந்தெடுத்தார்கள், தொடர்ந்து மூன்றாவது முறையாக. முழு அணியும் சேர்ந்து மூழ்கும்போது கசப்பான முடிவு எல்லா வீரருக்கும் பொது. அது ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்டாது. பிரித்துக் காட்ட மிஞ்சியிருப்பது ஆட்டம் மட்டும்தான். இது வெறும் பாசமா என்று கேட்டால், வெஸ்ட் ஹாமோடு எந்த ஒட்டுறவும் இல்லாத ஆட்களும் அந்த ஆண்டு ஓட்டுப் போட்டிருந்தார்கள். இங்கிலாந்தின் கால்பந்துப் பத்திரிகையாளர் சங்கம் லீக் முழுவதிலிருந்தும் ஒரே ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. அதுவும் பார்க்கர்தான்.