தாமரையைத் தப்பாகப் பிரித்தால்

"சடுதிமாற்றம், அதாவது மரபணுவில் எழுத்துப்பிழை, நடந்தும் அமினோ அமிலம் மாறவில்லை என்றால் அது மௌன மாற்றம், உடம்புக்கு ஒன்றும் ஆகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். சரிதானே?" என்று உயிரியல் ஆசிரியை ஒருவர் கேட்டிருந்தார்.

பெரும்பாலும் சரி. சரியில்லாத ஓர் இடம் புரோஜீரியா. பச்சைக் குழந்தையாகப் பிறந்து, இரண்டு வயதுக்குள் வளர்ச்சி குன்றி, முடி கொட்டி, தோல் சுருங்கி, பதினான்கு பதினைந்து வயதில் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ போய்விடுகிற பிள்ளைகளின் நோய். சுமார் 40 லட்சம் பிறப்புகளுக்கு ஒன்று.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் லெஸ்லி கார்டன், ஸ்காட் பெர்ன்ஸ் என்ற மருத்துவத் தம்பதியின் மகன் சாமுக்கு 1998இல் இந்த நோய் என்று தெரிந்தது. எந்த மரபணு என்று யாருக்கும் தெரியாது; தேடப் பணமும் இல்லை. 40 லட்சத்தில் ஒருவருக்காக எந்த மருந்துக் கம்பெனி கடை திறக்கும்? மறு ஆண்டே உறவினர்களைச் சேர்த்துக்கொண்டு புரோஜீரியா ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார்கள். 2003இல் மரபணு கிடைத்துவிட்டது. மனித மரபணுத் திட்டத்தை வழிநடத்திய பிரான்சிஸ் காலின்ஸின் குழு 20 நோயாளிகளைப் பார்த்தது. 18 பேரிடம் ஒரே பிழை. மரபணு என்பது ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகளில் எழுதிய வரிசை. லாமின் ஏ என்ற புரதத்துக்கான மரபணுவில், 1824ஆம் எழுத்து சி இருக்க வேண்டிய இடத்தில் டி.

இங்கேதான் டீச்சரின் கேள்வி. செல் மும்மூன்று எழுத்தாகப் படித்து, ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலத்தைக் கோத்துப் புரதம் செய்கிறது. ஜிஜிசி என்றாலும் கிளைசின் என்ற அமினோ அமிலம், ஜிஜிடி என்றாலும் கிளைசின். அமினோ அமிலம் மாறவே இல்லை. பிறகு எப்படி நோய்?

இலக்கண வகுப்பில் பொதுமொழி படித்திருப்பீர்கள். 'தாமரை' சேர்ந்து நின்றால் பூ. 'தா மரை' என்று பிரித்தால் தாவுகிற மான். எழுத்து அதேதான், வெட்டிய இடம்தான் வேறு. செல்லும் மரபணுவைப் படியெடுத்ததும் அப்படியே படிப்பதில்லை. வேண்டாத துண்டுகளை வெட்டிவிட்டு மிச்சத்தை ஒட்டுகிறது. எங்கே வெட்டுவது என்பதற்குச் சில எழுத்துகளே அடையாளம். அந்த டி வந்ததும், அதுவரை யாரும் கண்டுகொள்ளாத ஓர் இடம் அசல் வெட்டுக்குறி போலவே தோன்ற ஆரம்பிக்கிறது. வெட்டும் இயந்திரம் பல தடவை ஏமாந்து அங்கே வெட்டிவிடுகிறது. 150 எழுத்துகள் போச்சு.

150ஐக் கவனியுங்கள். மூன்றால் மீதியில்லாமல் வகுபடும். 149 போயிருந்தால் மும்மூன்றாகப் படிக்கிற வரிசை குலைந்து, அதற்கப்பால் எல்லாம் உளறலாகியிருக்கும். 150 என்பதால் நடுவில் 50 அமினோ அமிலங்கள் மட்டும் காணாமல்போய், வால் பத்திரமாக இருக்கிறது. இத்தனை வில்லத்தனமான கணக்கை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஏனென்றால் வில்லன் அந்த வால்தான். லாமின் புரதத்தின் வால் நுனியில் பார்னசில் என்ற கொழுப்புக் கொக்கியைச் செல் மாட்டுகிறது. அதைப் பிடித்துக்கொண்டு புரதம் உட்கருவின் சவ்வில் போய் ஒட்டும். பிறகு ஒரு நொதி வாலைக் கொக்கியோடு நறுக்கிவிட, விடுபட்ட லாமின் உட்கருவைத் தாங்கும் வலையில் சேரும். அந்த நொதி நறுக்க வேண்டிய இடம், போன 50க்குள் இருந்தது! கொக்கி மாட்டியபடியே இருக்கிறது, கழற்ற வழியில்லை. சவ்விலேயே ஒட்டிக் குவிகிற இந்தக் குறைப்புரதத்துக்கு புரோஜெரின் என்று பெயர். உருண்டையாக இருக்க வேண்டிய உட்கரு புடைத்துக் கோணுகிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் தசைச் செல்கள் முதலில் அடிவாங்குகின்றன.

கழற்ற முடியாவிட்டால் மாட்டவே விடக்கூடாது. கொக்கி மாட்டும் நொதியைத் தடுக்கும் லோனபார்னிப் என்ற மருந்து ஏற்கெனவே இருந்தது. புற்றுநோய்க்காகச் செய்து, அங்கே எதிர்பார்த்தபடி எடுபடாத சரக்கு. 'இந்த ஆராய்ச்சியால் என்ன பயன்?' என்று மானியம் கொடுக்கும்போதே கேட்கிற அதிகாரிகளுக்கு இதை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். 2007இல் அறக்கட்டளையின் பணத்தில் பாஸ்டனில் சோதனை தொடங்கியது. 16 நாடுகளிலிருந்து 28 பிள்ளைகள். 2020 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதித்தது. நோயைக் குணமாக்காது, சராசரியாக இரண்டரை ஆண்டு ஆயுள் கூட்டுகிறது. சாம் 2014 ஜனவரியில், 17 வயதில் இறந்துவிட்டான்.

இன்னொன்று. இந்தப் பிழை அநேகமாக எப்போதும் அந்தக் குழந்தையிடமே புதிதாக நேர்வது. தாய் தகப்பன் உடம்பில் இருந்ததல்ல. ஆகவே கிரகணத்தன்று வெளியே வந்தாள், முன்னோர் சாபம் என்று பெற்றவளைக் குத்துகிறவர்கள் வாயை மூடிக்கொள்ளலாம்.

2021இல் அந்த ஒற்றை எழுத்தையே திருத்திப் பார்த்தார்கள். மனிதப் பிழையைச் சுமந்த எலிகளுக்கு ஒரே ஊசியில் எழுத்துத் திருத்தியைச் செலுத்தியபோது, அவற்றின் இடைநிலை ஆயுள் 215 நாளிலிருந்து 510 நாளானது. டியைத் திரும்ப சி ஆக்கியதும் செல் மறுபடி சரியான இடத்தில் வெட்டியது.

ஆகவே டீச்சர், நீங்கள் சொல்லிக்கொடுப்பதை மாற்ற வேண்டாம். 'பெரும்பாலும்' என்று ஒரு சொல் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.