குச்சி மனிதனுக்கு ஒரு தலை: மூளையின் தமனிகளை வரைந்து படிப்பது

பிசியோதெரபி படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருந்தார்: “மூளையின் தமனிகளை எத்தனை தடவை படித்தாலும் பரீட்சை ஹாலில் மறந்துபோகிறது. ஏதாவது வழி உண்டா?” உண்டு. புத்தகத்தை மூடிவிட்டு பென்சிலை எடுங்கள்.

மூளையின் அடிப்பாகத்தைக் கழுத்துப் பக்கமிருந்து அண்ணாந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நெற்றி தாளின் மேலே, பிடரி கீழே. அந்த மூளைக்குச் சொந்தக்காரரின் வலது பக்கம் உங்களுக்கு இடது பக்கம். பாதிப் பேர் இங்கேயே தப்பு செய்துவிடுவார்கள். கீழிருந்து இரண்டு கோடுகள் ஏறி ஒன்றாகச் சேரட்டும், கவிழ்த்து வைத்த கவட்டை மாதிரி. இரண்டு கால்களும் முதுகெலும்போடு ஏறிவரும் வெர்டிப்ரல் தமனிகள். சேர்ந்த தண்டு பேசிலர். அதன் உச்சியில் இரண்டு பக்கமும் கை நீட்டுங்கள். அவை பின் மூளைத் தமனிகள். இப்போது ஒரு குச்சி மனிதன் கையை விரித்து நிற்கிறான். தலைதான் இல்லை.

கைகளுக்குச் சற்று மேலே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தடித்த புள்ளிகள் வையுங்கள். கழுத்தில் விரல் வைத்தால் துடிக்கிறதே, அந்தக் கரோட்டிட் தமனியின் உள்கிளை. நம் பக்கமிருந்து தாளைத் துளைத்து மேலே போவதால் கோடாக இல்லாமல் புள்ளியாகத் தெரிகிறது. புள்ளியிலிருந்து வெளியே ஓடுவது நடு மூளைத் தமனி. நெற்றியை நோக்கி உள்பக்கமாகச் சாய்ந்து ஏறுவது முன் மூளைத் தமனி. முன் தமனி அடைத்தால் கால் இழுக்கும், நடுத் தமனி என்றால் கையும் முகமும், பின் தமனி என்றால் பார்வை. இதெல்லாம் உங்கள் பாடத்திலேயே இருக்கிறது.

இதுவரை எல்லாருமே போட்டுவிடுவார்கள். விட்டுப்போவது மூன்று சின்னக் கோடுகள். இரண்டு முன் தமனிகளையும் சேர்க்கும் குறுக்குக்கோடு ஒன்று, கரோட்டிட் புள்ளியையும் பின் தமனியையும் சேர்ப்பது பக்கத்துக்கு ஒன்று. போட்டாயிற்றா? தலை மூடிக்கொண்டது. இதற்குப் பெயர் வில்லிஸ் வட்டம், ஆனால் பக்கங்களை எண்ணிப் பாருங்கள், ஏழு வரும்.

எனக்கு இந்தப் படத்தில் பிடித்தது அந்த மூன்று கோடுகள்தான். சாதாரண நாளில் அவற்றில் அதிகம் ஒன்றும் ஓடாது. இரண்டு முனையிலும் அழுத்தம் ஏறக்குறைய சமம். பிறகு ரத்தம் எந்தப் பக்கம் போகும்? பக்கத்துப் பக்கத்தில் ஒரே மட்டத்தில் ஓடும் இரண்டு வாய்க்கால்களுக்கு நடுவே வெட்டிவிட்ட இணைப்பு மாதிரி சும்மா கிடக்கும். ஒரு வாய்க்காலில் மட்டம் இறங்கட்டும், மறுநொடி தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பும். மடையைத் திறக்க ஆளே வேண்டாம். உடல் எடையில் சுமார் 2 சதவீதமே இருந்துகொண்டு ஆக்சிஜனில் 20 சதவீதத்தைத் தின்னும் உறுப்புக்கு இப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் முடியுமா?

ஆக்ஸ்ஃபோர்டில் மருத்துவர் தாமஸ் வில்லிஸ் இதை மை விட்டே பார்த்தார். ஒரு பக்கக் கரோட்டிடில் மை கலந்த திரவத்தைச் செலுத்தினால் மறுபக்கக் கிளைகளும் கறுத்தன. இந்த வளையத்தை அவருக்கு முன்பே சிலர் பார்த்திருந்தார்கள். எதற்காக இருக்கிறது என்று விளக்கியவர் அவர். 1664இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் படம் வரைந்தவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பிற்பாடு லண்டனில் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென். வேறு நோயால் இறந்த ஒருவரின் உடலில் ஒரு கரோட்டிட் முழுக்க அடைத்துப்போயிருந்ததையும் வில்லிஸ் எழுதியிருக்கிறார். அந்த மனிதருக்குப் பக்கவாதம் வந்ததே இல்லை. அதே பக்கத்து வெர்டிப்ரல் தமனி மற்றதைப் போல மூன்று மடங்கு பருத்திருந்தது.

பருத்தால் என்ன ஆகும் என்பதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. அழுத்தமும் நீளமும் மாறாதபோது, குழாயில் ஓடும் அளவு ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஆரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் 16 மடங்கு. பாதியானால் 16இல் ஒரு பங்கு. அடைப்பு மெல்ல மெல்ல வந்தால் இணைப்புக் குழாய் பருக்க அவகாசம் கிடைக்கும். திடீரென்று வந்தால் நூல் போன்ற இணைப்பு என்ன செய்யும்? போதாததற்கு, ஏழு பக்கமும் ஒழுங்காக அமைந்த வளையம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பலருக்கு ஒரு பக்கம் மெலிந்திருக்கும், சிலருக்குக் காணவே காணாது. யாருக்கு எது இல்லை என்று எண்ணிவைப்பது பகட்டில்லாத ஆராய்ச்சி, நிதி கேட்டால் முகம் சுளிப்பார்கள். கழுத்துத் தமனியில் கத்தி வைக்கும் மருத்துவருக்கோ முதலில் வேண்டியது அதுதான்.

வளையத்தைத் தாண்டிய கிளைகள் கடைமடை வயல்கள். அங்கே அடைத்தால் மாற்று வழி குறைவு. அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அந்த நேரத்தில் பக்கவாதத்துக்கு மருந்தென்று புறா ரத்தம் தேடி அலைகிறவர்களை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, படத்துக்கு வாருங்கள். வலது கரோட்டிட் புள்ளியைக் கட்டைவிரலால் மூடுங்கள். வலது நடுத் தமனிக்கு ரத்தம் எப்படி வரும்? ஒரு வழி பேசிலர் உச்சியிலிருந்து பக்கவாட்டு இணைப்பு வழியாக. இன்னொன்று இடது முன் தமனியிலிருந்து குறுக்குக்கோட்டைத் தாண்டி, வலது முன் தமனியில் இறங்கி. அந்தக் கடைசித் துண்டுக்கு மட்டும் அம்புக்குறியைத் திருப்பிப் போடுங்கள். அங்கே ரத்தம் பின்னோக்கி ஓடுகிறது.