ஆசிரமம் என்னும் தவப்பள்ளி

இமயத்தின் அடிவாரத்தில் உள்ள ரிஷிகேசத்துக்குச் சென்று, பத்து நாள் ஓர் ஆசிரமத்தில் தங்கித் திரும்பிய என் அயித்தை, இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்னும் ஊரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஓர் ஐயத்தை எழுப்பினார். "ஆசிரமம்னா சிரமமே இல்லாத இடம்னு அங்க ஒருத்தர் சொன்னாருப்பா. ஆனா விடியக்காலம் நாலு மணிக்கே எழுப்பி விட்டுட்டாங்க. அந்தக் குளிர்ல தண்ணியத் தொட முடியல, சாப்பிட்ட தட்டையும் நாமதான் கழுவணும். அது எப்படிச் சிரமம் இல்லாத இடமாகும்?" அந்தத் தட்டைக் கழுவிய கைக்கு விளங்கிய பொருளே சொல்லின் வேருக்கு நெருக்கமானது.

ஆசிரமம் வடசொல். 'ச்ரம்' என்னும் வினையடிக்கு உழைத்தல், வருந்தி முயலுதல் என்பது பொருள். அதன்முன் 'ஆ' என்னும் முன்னொட்டுச் சேர்ந்து, முயன்று தவம் செய்யும் இடத்தைக் குறிக்கும் பெயராயிற்று. சிரமம் இல்லாத இடம் என்னும் விளக்கம் கேட்க இனிமையாக இருப்பினும், இலக்கணத்துக்கு ஒவ்வாது. வடமொழியில் இன்மையைக் காட்டுவது அநீதி, அசுத்தம் என்பவற்றில் வரும் குறில் 'அ'. ஆசிரமத்தில் நிற்பதோ நெடில். தமிழில் 'சிரமம்' தொல்லை என்ற அளவில் சுருங்கிவிட்டதால் இந்த மயக்கம் நேர்ந்தது என்று கருதுகிறேன். ஊர் கூடிக் கண்மாய்க்கரையைச் செப்பனிடுவதைச் 'சிரமதானம்' என்கிறோமே, அந்தச் சொல்லில் உழைப்பு என்ற பழம்பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. சமணர் என்ற பெயரும் இதே வேரில் பிறந்த 'சிரமணர்' என்பதிலிருந்து வந்ததே. தவத்தில் முயல்பவர் என்பது அதன் பொருள்.

மாணவப் பருவம் முதல் துறவு வரையிலான நான்கு வாழ்க்கை நிலைகளுக்கும் ஆசிரமம் என்றே பெயர். அந்தப் பொருளில் 'நிலை' என்ற தமிழ்ச் சொல்லே போதும். ஆதரவற்ற பிள்ளைகளை வளர்க்கும் இடத்தை 'அனாதை ஆசிரமம்' என்று சொல்லிவந்த வழக்கு, இப்போது காப்பகம், இல்லம் என்று நல்லவிதமாக மாறிவருகிறது. எழுத்தில் ஆஸ்ரமம், ஆசிரமம் என இரண்டும் நம்மிடையே வழங்க, பாக் நீரிணைக்கு அக்கரையில், யாழ்ப்பாணத்தில், 'ஆச்சிரமம்' என்று எழுதுவார்கள்.

இனி இதன் தமிழுக்கு வருவோம். புதிதாக எதையும் ஆக்க வேண்டிய தேவை இல்லை. கல்லிலேயே வெட்டிய சொல் நம்மிடம் உண்டு. மதுரை அருகே மாங்குளத்து மலையில், கணி நந்தி என்னும் துறவிக்காகக் குகைத்தளத்தில் கற்படுக்கைகளை அமைத்துக் கொடுத்த செய்தியை, கி.மு. 2ஆம் நூற்றாண்டினது என்று அறிஞர் கணிக்கும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு கூறுகிறது. நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி செய்வித்த அந்த உறைவிடத்தைக் கல்வெட்டு 'பள்ளி' என்றே குறிக்கிறது. ஊரை விட்டு விலகி, மலையில் தங்கித் தவம் செய்யும் இடத்துக்கு நம் முன்னோர் வழங்கிய பெயர் இது. மலைப்பள்ளியை அமைத்தவன் பெயரில் கடல் இருப்பது, கடற்கரையில் வாழும் எனக்குத் தனி மகிழ்ச்சி.

பள்ளி என்பதன் அடிப்படைப் பொருள் படுக்குமிடம். பள்ளியறை, பள்ளியெழுச்சி ஆகியவற்றில் அது தெளிவாகத் தெரியும். ஆக, வடசொல் அங்கே செய்யும் முயற்சியைப் பார்த்துப் பெயரிட்டது. தமிழ்ச் சொல் தங்கலைப் பார்த்துப் பெயரிட்டது. முயற்சியையும் சேர்த்துச் சொல்லும் சொல் பட்டினப்பாலையில் இருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்தில், மரங்கள் தாழ்ந்த சோலையில், சடைமுடி முனிவர் தீ வளர்க்க, அந்தப் புகையை வெறுத்துக் குயில் தன் பேடையோடு பறந்துபோகிறது. அந்த இடத்தை அந்நூல் 'தவப்பள்ளி' என்கிறது. ஆசிரமம் என்று நாம் இன்று சொல்வதன் முழு உருவமும், புகை முதற்கொண்டு, அங்கே இருக்கிறது.

வெறும் 'பள்ளி' போதாதா என்று கேட்கலாம். எங்கள் கரையில் போதாது. கீழக்கரையில் ஒருவர் "பள்ளிக்குப் போயிட்டு வர்றேன்" என்றால் தொழுகைக்குப் போகிறார் என்று பொருள். பிள்ளைகள் போவது பள்ளிக்கூடம். எனவே 'தவ' என்னும் அடைமொழி இங்கே இன்றியமையாதது. மடம் என்றால் இராமேசுவரத்தில் குருமரபும் சொத்தும் நிர்வாகமும் உடைய நிறுவனம் நினைவுக்கு வரும். சத்திரம், இராமநாதபுரம் மன்னர்களான சேதுபதிகள் சேது யாத்திரிகருக்காக அமைத்தவை போல, வழிப்போக்கருக்கு உணவும் இடமும் தருவது. இரண்டும் அரிய அறங்களே. ஆயினும் தங்குபவர் தவம் செய்தாக வேண்டும் என்ற கட்டாயம் அவற்றின் பெயரில் இல்லை.

சில நாள் ஒதுங்கியிருந்து மனத்தை ஒடுக்கும் தங்கலை நகரத்தார் 'ரிட்ரீட்' என்கிறார்கள். இதற்கும் கடலோரத்தில் ஒரு சொல் இருக்கிறது. எங்கள் பகுதிக் கத்தோலிக்க மீனவர்கள் "மூணு நாள் தியானத்துக்குப் போறோம்" என்பார்கள். ஒரு செயலின் பெயரே அந்த நாள்களுக்கும் பெயராகிவிட்டது. இது வடசொல்லே என்றாலும் மக்கள் வாயில் பழகிய சொல். முழுத்தமிழில் வேண்டுவோர் 'தவத்தங்கல்' எனலாம் என்பது என் பரிந்துரை.

ஊன்றிவிட்ட இயற்பெயர்களை மாற்றக் கூடாது. பழைய இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த திருச்சுழியில் 1879-இல் பிறந்து, 1896-இல் திருவண்ணாமலை சேர்ந்த ரமணர், மலைமேல் விரூபாட்ச குகையிலும், அடியவர் கந்தசாமி அமைத்ததால் அவர் பெயர் பெற்ற கந்தாசிரமத்திலும் வாழ்ந்தார். பிறகு அடிவாரத்தில் எழுந்தது ரமணாசிரமம். இப்பெயர்கள் அப்படியே இருக்கட்டும். பொதுப்பெயராக வருமிடத்தில் தவப்பள்ளி என எழுதுவோம்.

இவ்வளவையும் கேட்ட அயித்தை, கங்கைச் செம்பை மடியில் வைத்துக்கொண்டு, தம் பயணக் குறிப்பேட்டில் ஆசிரமம் என்றிருந்ததை அடித்துவிட்டுத் 'தவபள்ளி' என்று எழுதினார். தவம், பள்ளி இரண்டும் சேரும்போது ஈற்று மகரம் கெட்டு வல்லினம் மிகும் என்று சொன்னேன். பேனாவை வாங்காமல், அவரே நடுவில் ஒரு 'ப்' சேர்த்துக்கொண்டார்.