நாச்சியார்கோயில் விளக்கு கூகுளில் எப்படி மேலே வருகிறது?

கோவையில் ஒருவர் கைப்பேசியை எடுத்து ‘நாச்சியார்கோயில் குத்துவிளக்கு 3 அடி விலை’ என்று அடிக்கிறார். கண் இமைப்பதற்குள் பட்டியல் வந்துவிடுகிறது. அந்த நேரத்தில் கூகுள் எந்தக் கடையின் தளத்தையும் போய்ப் பார்ப்பதில்லை. எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்பே படித்து எழுதிவைத்ததைத்தான் புரட்டுகிறது. பெரிய நூல்களின் கடைசியில் வரும் சொல்லடைவு போன்றது அது, இண்டெக்ஸ் என்பார்கள். அதில் ஏறாத பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும் தேடுபவருக்குக் கிடைக்காது. தரவரிசையைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன் இதைச் சரிபார்த்தாக வேண்டும்.

கூகுள்பாட் என்னும் நிரல் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் பெரும்பாலும் லிங்க் வழியாகவே போகிறது. உங்கள் தளத்துக்குள்ளேயே எந்தப் பக்கமும் சுட்டாத ஒரு பக்கம் இருந்தால், அதை அது கண்டுபிடிக்கத் தாமதமாகும். கண்டுபிடிக்காமலே போகவும் கூடும். தளத்தின் பக்கங்களைப் பட்டியலிடும் சைட்மேப் கோப்பு ஒன்றை, தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கொடுத்துவிட்டால் அந்தக் கவலை பெரும்பாலும் தீரும். வேர்ட்பிரஸில் கட்டிய தளமாக இருந்தால், அமைப்புகளில் ‘வாசிப்பு’ பகுதியைத் திறந்து பாருங்கள். தேடுபொறிகள் வர வேண்டாம் என்று சொல்லும் கட்டம் ஒன்று அங்கே உண்டு. தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். அந்த ஒரு டிக் இருக்கும்வரை வேறு எந்த வேலையும் பலன் தராது.

தமிழ்த் தளங்களுக்கென்று தனியாக ஒரு கோளாறும் இருக்கிறது. டி.டி.பி. சென்டரில் நோட்டீஸுக்காக அடித்துவைத்த உரையை அப்படியே எடுத்துத் தளத்தில் போடுவார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்பது திரையில் தமிழாகத் தெரியும். கோப்பில் இருப்பதோ நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும். கூகுள் படிப்பது கோப்பைத்தான். அதன் கண்ணில் அந்தப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை. சோதிப்பது எளிது: உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே வந்தால் அது யூனிகோட், அதாவது எல்லாக் கணினியும் ஒரேபோல் படிக்கும் எழுத்துக் குறியீடு. ஆங்கிலக் குறிகளாகச் சிதறினால் எழுத்துரு மாற்றி ஒன்றின் மூலம் முழு உரையையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். விலைப்பட்டியலைப் படமாகப் போட்டால் அதிலுள்ள சொற்களும் பெரும்பாலும் இப்படித்தான் வீணாகும். படம் இருக்கட்டும், ஆனால் எடையும் உயரமும் விலையும் எழுத்தாகவும் இருக்க வேண்டும்.

யூனிகோடிலும் ஒரு கண்ணி உண்டு. ‘கௌரி’ என்ற பெயரை ஔகாரக் குறியோடும் அடிக்கலாம். ‘கெ’ போட்டு, பக்கத்தில் ‘ள’ போட்டும் அடிக்கலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும், கணினிக்கு அவை வேறு வேறு சொற்கள். கடைப் பெயரிலேயே ஔகாரம் இருந்தால் தளம் முழுக்க அதைத் தேடிப் பார்த்துத் திருத்திவிடுங்கள்.

ஒரு சொல்லின் எடை

பக்கம் அடைவில் ஏறிவிட்டது. இனி வரிசை. பக்கத்தில் இருக்கும் எல்லாச் சொல்லுக்கும் ஒரே மதிப்புக் கிடையாது. அரிய சொல்லுக்கு எடை அதிகம் என்ற கருத்தை 1972-இல் கரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் அறிஞர் எழுதினார். இன்றைய தேடலுக்கும் அது அடித்தளம். ஆயிரம் பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ‘அரிசி’ 500 பக்கங்களில் இருக்கிறது, ஓர் அரிசி ரகத்தின் பெயரான ‘கவுனி’ 10 பக்கங்களில். ஆயிரத்தை அந்த எண்ணிக்கையால் வகுத்து, 2-ஐ அடிமானமாகக் கொண்டு மடக்கை எடுத்தால் ‘அரிசி’க்கு 1, ‘கவுனி’க்கு சுமார் 6.6. ஆக, மன்னார்குடியில் பாரம்பரிய அரிசி விற்பவர் ‘தரமான அரிசி’ என்று பத்து வரி எழுதுவதைவிட ‘கருப்புக் கவுனி’ என்று பெயர் சொல்லி ஒரு வரி எழுதுவது மேல்.

அப்படியானால் கவுனி, கவுனி, கவுனி என்று ஐம்பது முறை எழுதினால்? இங்கேதான் பலர் பணத்தைத் தொலைக்கிறார்கள். 1990-களில் லண்டனில் ஸ்டீபன் ராபர்ட்சனும் அவரது குழுவினரும் உருவாக்கிய, பக்கங்களுக்கு மதிப்பெண் போடும் பிஎம்25 என்ற சூத்திரத்தைப் பாருங்கள். சராசரி நீளமுள்ள பக்கத்தில், வழக்கமான அளவுருவை வைத்துக் கணக்கிட்டால், ஒரு சொல் ஒருமுறை வந்தால் 1 மதிப்பெண். இருமுறை வந்தால் 1.38, ஐந்து முறைக்கு 1.77, இருபது முறைக்கு 2.08. எத்தனை ஆயிரம் முறை எழுதினாலும் 2.2-ஐத் தாண்டாது. முதல் இரண்டு மூன்று தடவைதான் உண்மையான லாபம். இன்றைய கூகுள் இந்தச் சூத்திரத்தைவிட வெகு சிக்கலானது. முழுக் கணக்கை அது வெளியிடுவதும் இல்லை. ஆனால் திரும்பத் திரும்பத் திணிப்பதை ஸ்பேம் என்றே அதன் விதிகள் சொல்கின்றன. லாபம் நின்றுபோன இடத்துக்குப் பிறகு எழுதும் ஒவ்வொரு ‘கவுனி’யும் ஆபத்தைத்தான் கூட்டுகிறது.

அதேபோல, பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாகக் கீவேர்டுகளை, அதாவது தேடலுக்கான சொற்களை, அடுக்கும் மெட்டா கீவேர்ட்ஸ் வரியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-இலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதற்குக் காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கொடுக்காதீர்கள்.

தேடுபவர் அடிக்கும் சொல்

கீவேர்டு என்பது கடைக்காரர் வைக்கும் பெயரல்ல, வாங்க வருபவரின் வாயில் வரும் பெயர். ஒரே அரிசியை ‘கருப்பு கவுனி’, ‘கருப்புக் கவுனி’, ‘கறுப்புக் கவுனி’, ‘கவுனி அரிசி’ என்று நாலு விதமாகத் தமிழில் அடிக்கிறார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்கள் ஒருபக்கம், ‘பிளாக் ரைஸ்’ என்று ஆங்கிலத்திலேயே தேடுபவர்கள் இன்னொரு பக்கம். எல்லா வடிவத்தையும் வரிசையாக அடுக்கினால் பக்கம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். தலைப்பில் அதிகம் பேர் அடிக்கும் வடிவத்தை வையுங்கள். உள்ளே ஒரு வாக்கியத்தில் மற்றப் பெயர்களைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் தேடுபவருக்கு முழுமையாக ஓர் ஆங்கிலப் பக்கம் தனியே எழுதுங்கள்.

வேற்றுமை உருபைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. ‘கும்பகோணம்’ என்பது ‘கும்பகோணத்தில்’ ஆகும்போது சொல்லின் உடலே மாறிவிடுகிறது, உண்மைதான். ஆனால் வாக்கியத்தில் சொற்கள் ஒன்றோடொன்று கொண்ட உறவை வைத்துப் பொருள் காணும் பெர்ட் என்ற முறையைக் கூகுள் 2019 டிசம்பரில் தமிழ் உட்பட எழுபதுக்கும் மேற்பட்ட மொழிகளுக்கு விரிவாக்கியது. ‘விடுதி கும்பகோணம் குறைந்த விலை’ என்று தந்தி பாணியில் எழுத வேண்டிய தேவை போய்விட்டது. மனிதர் பேசும் தமிழை எழுதுங்கள்.

சொல்லைவிடப் பெரியது, சொல்லுக்குப் பின்னால் இருக்கும் நோக்கம். மாப்பிள்ளை சம்பாவையே எடுத்துக்கொள்வோம். ‘மாப்பிள்ளை சம்பா பயன்கள்’ என்று தேடுபவர் தெரிந்துகொள்ள வந்தவர். ‘5 கிலோ விலை’ என்பவர் பையோடு நிற்பவர். ‘கஞ்சி செய்வது எப்படி’ என்பவர் அடுப்படியில் இருக்கிறார். எத்தனை மணி நேரம் ஊற வேண்டும், எவ்வளவு தண்ணீர் என்பதுதான் அவருக்கு வேண்டும். ‘விதைநெல்’ என்று தேடுபவர் விவசாயி. ஐந்து மாதத்துக்கு மேல் வயதுள்ள, உயரமாக வளரும் இந்த ரகம் எந்தப் பட்டத்துக்கு வரும், ஏக்கருக்கு எவ்வளவு விதை, காற்றுக்குச் சாயுமா என்று கேட்பார். இந்த நால்வருக்கும் ஒரே பக்கத்தில் பதில் சொல்லப் போனால் ஒருவருக்கும் பதில் இருக்காது. நான்கு பக்கம் எழுதி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு லிங்க் கொடுங்கள். லிங்க் வைக்கும் சொல் ‘இங்கே அழுத்தவும்’ என்றிருக்கக் கூடாது. ‘மாப்பிள்ளை சம்பா விதைநெல்’ என்றே இருக்கட்டும், கூகுள் அந்தச் சொல்லையும் படிக்கிறது.

இந்தக் கேள்விகளைத் திரட்டக் கட்டணக் கருவி அவசியமில்லை. தேடல் கட்டத்தில் பாதி அடித்தவுடன் கீழே விரியும் பரிந்துரைகளும், கடைக்கு வரும் போனும் வாட்ஸ்அப்புமே போதும். ஒரே கேள்வி மூன்று பேரிடமிருந்து வந்தால் அதற்கு ஒரு பத்தி எழுத வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

திரட்டிய சொல்லுக்கு முதல் இடம் பக்கத்தின் டைட்டில், அதாவது தேடல் பட்டியலில் பக்கத்தின் பெயராகத் தெரியும் வரி. ‘முகப்பு, உங்களை அன்புடன் வரவேற்கிறோம்’ என்ற டைட்டில் எதையும் சொல்வதில்லை. ‘நாச்சியார்கோயில் பித்தளைக் குத்துவிளக்கு 3 அடி: எடை, விலை’ என்பது சொல்கிறது. கூகுள் டைட்டிலை அகலம் பார்த்து வெட்டும், தமிழ் எழுத்துகளோ அகலமானவை. முக்கியமானதை முன்னால் வையுங்கள். பிறகு பக்கத்தின் பெரிய தலைப்பு, முதல் பத்தி, படத்தில் இருப்பதை எழுத்தில் சொல்லும் மாற்று உரை. விளக்குப் பக்கத்தில் உயரம், எடை, எத்தனை முகம், உச்சியில் அன்னமா வேறா, தண்டு கழற்றி மாட்டக்கூடியதா என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஆற்று வண்டல் மண்ணில் அச்செடுத்து வார்க்கும் முறையைப் படத்தோடு விளக்கினால் அது வேறெந்த ஊர்க் கடையும் எழுத முடியாத பக்கம். புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்பதையும் சொல்லலாம், உண்மையிலேயே அந்த ஊரில் வார்த்ததாக இருந்தால்.

லிங்க் என்னும் சாட்சி

1998-இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் முன்வைத்த பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கம் இன்னொன்றைச் சுட்டினால் அது ஒரு சாட்சி. சாட்சி சொல்பவரின் மதிப்பைப் பொறுத்து அதன் கனம் மாறும். அவர் நூறு பேருக்குச் சாட்சி சொன்னால் ஒவ்வொருவருக்கும் போவது நூறில் ஒரு பங்குதான். பிற தளங்களிலிருந்து உங்களைச் சுட்டும் லிங்குகள், ‘500 பேக்லிங்க்’ என்று மொத்தமாக விற்கப்படுபவை, ஏன் பயனற்றவை என்பதற்கு இதுவே பாதி விடை. மீதி விடை 2012 ஏப்ரலில் வந்த பெங்குவின். விலைக்கு வாங்கிய, செயற்கையாக விளைந்த லிங்குகளைக் குறிவைத்த மாற்றம் அது. இன்று கூகுள் அத்தகையவற்றைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கூகுள் ஊழியரே பார்த்து நடவடிக்கை எடுத்தால் தளம் முடிவுகளிலிருந்தே இறங்கிப்போகும். அந்த லிங்குகளை ஒவ்வொன்றாக நீக்கச் சொல்லி, மறுபரிசீலனை மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டும். விளம்பரமாகக் காசு கொடுத்து லிங்க் வைத்தால் அதில் ஸ்பான்சர்ட் என்ற குறியை இடச் சொல்கிறது விதி. இட்டுவிட்டால் தவறில்லை.

டெல்டாவில் இன்னொரு தவறு ஊர்ப் பெயரில் நடக்கிறது. வாடகைக் கார் தளம் ஒன்று ஒரே பக்கத்தை நகலெடுத்து, ‘தஞ்சாவூரில்’, ‘பாபநாசத்தில்’, ‘வலங்கைமானில்’ என்று பெயரை மட்டும் மாற்றி ஐம்பது பக்கம் போடும். டோர்வே பக்கங்கள் என்று இதைக் கூகுள் தடைசெய்கிறது. வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஊர்ப் பெயர்களை ஒளிப்பதும் அதே வகை. அந்த உழைப்பை நவக்கிரகச் சுற்றுலாவுக்கு உண்மையான ஒரு பக்கத்தில் போடலாம். சூரியனார்கோயில், கஞ்சனூர், திங்களூர், ஆலங்குடி, திருநாகேஸ்வரம், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு ஆகிய ஒன்பதையும் எந்த வரிசையில் சுற்றுவது, நண்பகலில் நடை சாத்தும் நேரத்தில் எங்கே இருப்பது, திருநள்ளாறு காரைக்காலில் இருப்பதால் எல்லை தாண்டும் அனுமதிக் கட்டணம் வாடகையில் அடங்குமா என்பதையெல்லாம் எழுதினால், பயணத்துக்குத் திட்டமிடுபவர்கள் தாமாகவே அந்தப் பக்கத்தைப் பகிர்வார்கள். அந்த லிங்குகளுக்கு விலை கிடையாது.

வேகம், வரைபடம், பருவம்

கைப்பேசியில் எடுத்த படம் ஒன்று 4 எம்.பி. இருக்கும். பத்துப் படம் போட்டால் 40 எம்.பி.; நொடிக்கு 4 மெகாபிட் வரும் இணைப்பில் 80 நொடி. அதையே 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவில் 150 கே.பி.யாகச் சேமித்தால் பத்தும் 3 நொடியில் வந்துவிடும். கூகுள் வைத்திருக்கும் அளவுகோல்: பக்கத்தின் பெரிய பகுதி 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கு 200 மில்லிநொடிக்குள் அசைய வேண்டும், படம் வந்து எழுத்தைத் தள்ளும் குலுக்கல் 0.1-க்கு மிகக் கூடாது. படத்தின் அகல உயரத்தை முன்கூட்டியே குறித்துவிட்டால் குலுக்கல் பெரும்பாலும் நின்றுவிடும். வேகம் மட்டும் யாரையும் முதலிடத்துக்குக் கொண்டுபோகாது. ஆனால் பதில் தரத்தில் இருவர் சமமாக நிற்கும்போது அது தீர்மானிக்கிறது.

‘அருகில்’ என்று தேடுபவருக்கு வரைபடத்தில் கடை தெரிய, கடையின் விவரங்களைக் கூகுளில் பதியும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் உண்டு, அது இலவசம். பொருத்தம், தூரம், பெயர்பெற்ற அளவு ஆகிய மூன்றையும் கூகுள் பார்க்கிறது. விளக்குக் கடைகள் ஒரே தெருவில் நெருங்கி இருக்கும் ஊரில் தூரம் எல்லாருக்கும் ஒன்றே; மீதி இரண்டில்தான் வேறுபாடு. கடைப் பெயராகப் பெயர்ப்பலகையில் இருப்பதை மட்டும் கொடுங்கள். ‘சிறந்த, மலிவான’ என்று ஒட்டு சேர்த்தால் புரொஃபைல் முடக்கப்படலாம். வாங்கிப்போனவரிடம் கருத்து எழுதச் சொல்வது முறையானது. காசு கொடுத்து எழுதவைப்பது விதிமீறல்.

புதிய பக்கம் நிலைபெறச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவை விதைநெல் பக்கத்தை அன்றைக்கு எழுதத் தொடங்கினால் அது மேலே வருவதற்குள் நடவு முடிந்திருக்கும்; பொங்கலுக்குப் பிறகே எழுதிவிடுவது நல்லது. கும்பகோணத்து விடுதிகளுக்கு இதைவிட நீண்ட பருவம் ஒன்று உண்டு. மகாமகம் 2016-இல் நடந்தது, அடுத்தது 2028-இல். அதற்கான பக்கத்தின் முகவரியில் ஆண்டைச் சேர்க்காதீர்கள். ஒரே முகவரியை வைத்து உள்ளடக்கத்தை மட்டும் புதுப்பித்தால் சேர்ந்த லிங்குகள் கைவிட்டுப் போகாது. ஏற்கெனவே ஆண்டோடு பக்கம் இருந்தால், பழைய முகவரியை அழிக்காமல் 301 என்ற நிரந்தரத் திருப்பத்தைப் போட்டுப் புதியதுக்கு அனுப்பலாம்.

நடப்பதை அளக்க சர்ச் கன்சோல். எந்தச் சொல்லுக்கு எத்தனை முறை தெரிந்தீர்கள், எத்தனை பேர் சொடுக்கினார்கள், சராசரி இடம் என்ன என்பதை 16 மாதங்களுக்குக் காட்டும். முதலில் 8-க்கும் 20-க்கும் இடைப்பட்ட இடத்தில் நிற்கும் சொற்களைப் பாருங்கள், அங்கேதான் சிறு திருத்தம் பெரிய மாற்றம் தரும். பலமுறை தெரிந்தும் சொடுக்கு வராவிட்டால் டைட்டிலை மாற்றுங்கள். இடமே கீழே இருந்தால் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் நேரடிப் பதில் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு திருத்தம் செய்து, நான்கு வாரம் விட்டு, முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஆடியில் குறைந்து தையில் கூடும் வியாபாரத்தில் அடுத்தடுத்த மாதங்களை ஒப்பிட்டால் பருவத்தின் ஏற்றத்தைத் திருத்தத்தின் பலன் என்று எண்ணிவிடுவீர்கள்.