சில்லுடைந்த கோப்பையும் சின்னம்மாவின் பல்லும்

எங்கள் வீட்டில் ஒரு பழைய பீங்கான் கோப்பை இருக்கிறது. தேத்தண்ணி குடித்துவிட்டுக் கழுவினால் வெள்ளை வெளேரென்று வந்துவிடும், விளிம்பில் சில்லுடைந்த ஒரு இடம் மட்டும் எத்தனை தரம் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் கபில நிறம்தான். கிளிநொச்சியில் இருக்கிற சின்னம்மாவின் புதுப் பல்லுக்கு நடந்ததும் இதேதான்.

கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு செராமிக் கிரவுன், அதாவது பல்லை மூடிப் போடுகிற பீங்கான் மாதிரியான உறை, போட்டார்கள். சின்னம்மா வெத்திலை போடுகிறவர். ஒரு வருசம் ஆகவில்லை, பல்லின் மேற்பக்கம் சிவந்து, பிறகு கறுத்துவிட்டது. "காசையும் குடுத்து பழைய பல்லையே வாங்கியிருக்கிறன்" என்று ஒரே புறுபுறுப்பு. சாமான் சரியில்லை என்று நாங்களும் ஒத்து ஊதினோம். ஆனால் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தால் பக்கங்கள் எல்லாம் மினுமினுவென்று அப்படியே இருந்தன, கறை கடிக்கிற பக்கத்தில் மட்டும்.

செராமிக்கின் நிறம் அதற்குள் கலந்த உலோக ஒட்சைட்டுகளால் வருவது. சூளையில் சுட்ட அந்த நிறத்தைத் தேத்தண்ணியோ வெத்திலையோ அசைக்காது. கறை பிடிப்பது மேற்பரப்பில். அதனால்தான் கடைசியில் மெல்லிய கண்ணாடிப் பூச்சு ஒன்றைப் பூசி, பெரும்பாலும் 700 முதல் 900 பாகை செல்சியஸ் வரையில் சுடுகிறார்கள். கோப்பையில் இருப்பதும் அந்த மாதிரி மெருகுதான்.

சரி, மெருகு எங்கே போனது? கிரவுனை ஒட்டிய பிறகு டொக்டர் நிறக் கடதாசியைக் கடிக்கச் சொல்வார், உயர்ந்து நிற்கிற இடத்தில் நிறம் படும், அந்த இடத்தை வைரத்தூள் பதித்த கருவியால் கொஞ்சம் அராவிவிடுவார். அந்த இரண்டு நிமிடத்தில் மெருகு போய்விடும், கீழே கீறல்கள் விழும். செராமிக்கில் போர்சலின் என்கிற பீங்கான் வகையென்றால் தூளைச் சுட்டு இறுக்கியது என்பதால் உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள் இருக்கும், அராவும்போது அவையும் வாய் திறந்துவிடும். மேற்பரப்பின் சராசரிக் கரடுமுரடு 0.2 மைக்ரோமீற்றரைத் தாண்டினாலே பற்கிருமிப் படலம் கூடுதலாக ஒட்டும் என்கிறார்கள். தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ 300இல் ஒரு பங்கு அது! பாக்கிலுள்ள தனின் என்கிற துவர்ப்பு வகைப் பொருள்கள் சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கும், அந்தச் சிவப்பு இந்தக் கீறல்களுக்குள் போய் இருந்துகொண்டால் பிரஷ் தொடாது. உமிக்கரியால் உரைத்து எடுக்கலாம் என்று சின்னம்மா வெளிக்கிட்டதுதான் இன்னும் மோசம். உமியில் சிலிக்கா நிறைய, மணலும் அதே பொருள்தான், மிச்ச மினுக்கத்தையும் சுரண்டிவிடும்.

இன்னொன்று, கறை பிடிக்க முன்னமே நிறம் மாறத் தொடங்கிவிடுகிறது. கரடான பரப்பு ஒளியைச் சிதறடிக்கும், அதனால் பல் மங்கலாய், தேய்த்த கண்ணாடி மாதிரித் தெரியும். நிற வித்தியாசத்தைக் கருவியால் எண்ணாக அளக்கலாம். 1976இல் வந்த, நிறங்களை எண்களால் குறிக்கிற சீலாப் (CIELAB) முறையில் வித்தியாசம் ஏறத்தாழ 1.2 என்றால் பார்ப்பவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும், 2.7 என்றால் பாதிப் பேர் "இது சரிவராது" என்பார்கள்.

ஒட்டிய கிரவுனைத் திரும்பச் சூளையில் வைக்க முடியாது. ஆனால் வாய்க்குள்ளேயே மினுக்கலாம். வைரத்துகள் கலந்த ரப்பர்ச் சக்கரங்களால் கரடானதில் தொடங்கி, படிப்படியாக மென்மையானதுக்குப் போய், கடைசியில் வைரப் பசை. அவசரப்பட்டு ஒரு படியைத் தாண்டினால் முந்திய கீறல் அப்படியே நிற்கும், சீமெந்து நிலம் பொலிஷ் பண்ணுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஒழுங்காகச் செய்தால் சூளை மெருகுக்குக் குறையாத வழவழப்பு வரும். சேர்க்கோனியா என்கிற மிகக் கடினமான செராமிக்கில் செய்த கிரவுனில் இதைக் கட்டாயம் செய்விக்க வேண்டும், கரடாக விட்டால் எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும்.

சின்னம்மாவுக்கும் மினுக்கிக் கறை போய்விட்டது. ஒரு குறை மட்டும். வவுனியாவில் கிணற்றுத் தண்ணி குடித்து வளர்ந்தவர், அந்தத் தண்ணியிலுள்ள புளோரைட்டால் மற்றப் பற்களில் மெல்லிய கபிலக் கோடுகள் உண்டு, அவற்றுக்குப் பொருந்த கிரவுனின் மேலும் கோடு தீட்டியிருந்தார்கள். அந்தத் தீட்டல் மெருகோடு மெருகாக இருந்தது, அராவிய இடத்தில் அதுவும் போய்விட்டது. இப்போது கொட்டாவி விட்டால் அந்தப் பல் மட்டும் பக்கத்துப் பற்களை விட வெள்ளையாகத் தெரிகிறது.